கயிறு பிடிக்க ஒரு மச்சான்

போன வாரம் கவன்ட்ரியில் இருக்கும் ஒரு தம்பி வாட்ஸாப்பில் படம் ஒன்று அனுப்பியிருந்தான். ஏதோ ஆன்லைன் கடையில் அவன் நிரப்பி வைத்திருந்த கூடை. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், மிதவைச் சட்டை, ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், காலில் மாட்டும் துடுப்பு, தொடையில் கட்டிக்கொள்ள ஒரு முழ நீளத்துக்குக் கத்தி, எல்லாம் சேர்த்து 1,800 பவுண்டு. "அண்ணே, ஸ்கூபா கத்துக்கலாம்னு இருக்கேன், இது போதுமா?" என்று கேட்டிருந்தான். கூடையைக் காலி பண்ணு, முதலில் ஒரு கிளப்பில் சேர், அதுக்கு ஒரு துண்டும் டவுசரும் போதும் என்று பதில் போட்டேன். பதிலுக்கு ஒரு கோப முகம் மட்டும் வந்தது. ஃபோனில் சொல்லிப் புரியவைக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷத்தில் கடல். திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்களின் வள்ளங்கள் கம்ப்ரசரும் சுருட்டி வைத்த குழாயுமாகக் கிளம்புவதைப் பார்த்தே வளர்ந்தவன். ஆனாலும் முட்டளவுக்கு மேல் கடலில் இறங்கினதில்லை, அம்மா விட்டதில்லை. அப்படிப்பட்டவன் தண்ணீருக்குள் மூச்சுவிடக் கற்றது எங்கே என்றால், லெஸ்டரில். இங்கிலாந்தின் நட்டநடு ஊர். பிரிட்டனிலேயே கடலிலிருந்து மிகத் தூரமான இடம் பக்கத்து மாவட்டமான டெர்பிஷையரில்தான் இருக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் கடலுக்குக் குறைந்தது 113 கிலோமீட்டர். முதல் தடவை அம்மாவிடம் சொன்னபோது, "ஏய்யா, நம்மூரு கடல விட்டுட்டு அங்க போய்க் குளிக்கியாக்கும்" என்றாள். தப்பில்லை. முத்துக் குளிப்பது, சங்கு குளிப்பது என்றுதானே நாம் சொல்கிறோம்.

இந்த நாட்டில் டைவிங் என்பது பெரும்பாலும் கிளப் சமாச்சாரம். பிரிட்டிஷ் சப் அக்வா கிளப் என்று ஒன்று 1953-இல் தொடங்கினார்கள், சுருக்கமாக பிசாக் என்பார்கள். நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. கற்றுக்கொடுக்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் பஸ் ஓட்டுகிறவர், பல் டாக்டர், ஓய்வுபெற்ற பிளம்பர், இவர்கள்தான் ராத்திரி நமக்கு வாத்தியார். எங்கள் கிளப் கவுன்சில் நீச்சல்குளத்தைச் செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை வாடகைக்கு எடுக்கிறது. பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு முடிந்து, ஈரத் தரையும் குளோரின் வாடையுமாக இருக்கிற நேரம். பின்னால் ஒரு சின்ன ஸ்டோர் ரூம், அதில் வரிசையாகச் சிலிண்டர்கள், கொக்கியில் தொங்கும் சட்டைகள், ஒரு டப்பா நிறைய யாருடையது என்றே தெரியாத ஒற்றைத் துடுப்புகள். புதிதாக வருகிறவனுக்கு எல்லாமே அங்கே இரவல் கிடைக்கும்.

தாய்லாந்துக்கோ அந்தமானுக்கோ போனால் நாலே நாளில் சர்டிஃபிகேட் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் கிளப்பில் எனக்கு அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில்தான் முடிந்தது. ஓஷன் டைவர் என்று அதற்குப் பெயர், 20 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்தது ஸ்போர்ட்ஸ் டைவர், அதற்கும் மேல் டைவ் லீடர் என்று ஏணி போய்க்கொண்டே இருக்கும். இந்த ஆமை வேகத்தில் எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வாரத்துக்கு ஒரு ராத்திரி, அதிலும் பாதி நேரம் சாமான் தூக்கிப் போடுவதிலேயே போய்விடுகிறதே என்று.

அதிலும் முகக்கண்ணாடி பாடம் இருக்கிறதே, மூன்று வாரம் என்னைப் படாத பாடு படுத்தியது. ஆழமான பக்கத்தில் மூன்றரை மீட்டர் அடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, மாஸ்க்கின் மேல் ஓரத்தை லேசாகத் தூக்கித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். கண், மூக்கு எல்லாம் தண்ணீர். வாயால் மட்டும் மூச்சு இழுக்க வேண்டும், பிறகு நெற்றிப் பக்கம் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூக்கால் ஊத வேண்டும். தண்ணீர் கீழ் வழியாக வெளியே போய்விடும். எழுதும்போது ரெண்டு வரிதான். ஆனால் மூக்கில் தண்ணீர் பட்டவுடனே உடம்பு தன்னால் மேலே பாயப் பார்க்கும். நானும் மூன்று தடவை பாய்ந்தேன். மூன்று தடவையும் எங்கள் பயிற்சியாளர், அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா, என் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துக் கீழேயே வைத்துக்கொண்டார். குளத்தில் பாய்ந்தால் மூன்று மீட்டர், கடலில் பாய்ந்தால் இருபது மீட்டர், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று மேலே வந்த பிறகு சாவகாசமாகச் சொன்னார்.

இன்னொரு கூத்து. தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கைச் சைகைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போட்டால் சரி என்று அர்த்தம். கட்டைவிரலை உயர்த்தினால் பிரமாதம் என்று இல்லை, மேலே போகலாம் என்று அர்த்தம். அந்த அம்மா என்னைப் பார்த்து வட்டம் காட்டி, சரியா என்று கேட்பார். நான் நம்மூர் வழக்கப்படி தலையை ரெண்டு பக்கமும் ஆட்டுவேன். இல்லை என்கிறானா, ஆமாம் என்கிறானா, காதில் வலியா என்று அவருக்குக் குழப்பம். ஒருநாள் கோபம் வந்து என் தலையை ரெண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே விரலைக் காட்டு என்றார். இன்றைக்கும் என்னோடு இறங்குகிறவர்களிடம் அவர் எச்சரிப்பது, "இவன் தலையை நம்பாதே, கையைப் பார்."

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. முத்துக் குளிக்கிற காலத்தில், இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்களாம், மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். அண்ணன் தம்பி என்றால் சொத்துப் பங்கு ஞாபகம் வரும், மச்சானுக்கோ தன் அக்காள் தங்கை தாலி முக்கியம், சரியான நேரத்தில் இழுத்துவிடுவான் என்று கணக்கு. உண்மையோ கதையோ, இங்கே டைவிங்கில் பட்டி (buddy), அதாவது கூட்டாளி என்று ஒருவரை நம்மோடு சேர்த்து அனுப்புவார்களே, அது எனக்கு இப்படித்தான் புரிந்தது. எனக்கு வாய்த்த மச்சான் அந்த ஓய்வுபெற்ற பிளம்பர். அவருக்கு எழுபது வயசாகப்போகிறது, ஆனால் வால்வு, குழாய், அழுத்தம் எல்லாம் அவருக்குச் சோறு தண்ணி மாதிரி.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஒருவர் சாமானை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும். சட்டையில் காற்று ஏறுகிறதா இறங்குகிறதா, சிலிண்டர் முழுக்கத் திறந்திருக்கிறதா, ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுக்கும்போது அழுத்தமானியின் முள் ஆடாமல் நிற்கிறதா, எந்தக் கொக்கியை எப்படிக் கழற்றுவது. நூறாவது தடவை என்றாலும் செய்ய வேண்டும். பிளம்பர் மச்சான் இதை மாடு வாங்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஒரே ஒரு தடவை அவசரப்பட்டு அவரைப் பார்க்க விடாமல் செய்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, சாமான் விஷயத்துக்கு வருவோம், தம்பி கேட்டது அதைத்தானே.

முதலில் வாங்க வேண்டியது மாஸ்க், அதுவும் ஆன்லைனில் இல்லை. கடைக்குப் போய், பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மீசை இருக்கிறவர்களுக்கு மூக்குக்குக் கீழே கொஞ்சம் கசியும், மனசில்லாமல்தான் நான் என் மீசையைக் கத்தரித்தேன். புது மாஸ்க்கின் கண்ணாடியில் உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கும், பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் எவ்வளவு எச்சில் துப்பினாலும் பனிமூட்டம்தான். ஆமாம், இறங்கும் முன் எல்லாரும் மாஸ்க்கில் எச்சில் துப்பித் தடவிக்கொள்வோம். பல் டாக்டரும்தான்.

அப்புறம் டிரை சூட். இங்கே குளிர்காலத்தில் தண்ணீர் ஐந்து டிகிரி, அதனால் உள்ளே தண்ணீரே வராத உடை, அதற்குள் கம்பளி மாதிரி ஒரு உள்ளுடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் வளையம் இறுக்கிப் பிடிக்கும். அதற்குள் தலையை நுழைப்பது பிரசவம் மாதிரி, ஆனால் எதிர்த்திசையில். ரப்பர் கிழியாமல் இருக்க டால்கம் பவுடர் போட வேண்டும். வாசனை சேர்க்காத பவுடர்தான் நல்லது என்பார்கள். முதல் நாள் அது என்னிடம் இல்லை, ஊரிலிருந்து கொண்டுவந்த கோகுல் சாண்டல்தான் பையில் இருந்தது. அன்றைக்கு அந்த ஸ்டோர் ரூம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. இப்போது நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ரெண்டு பேருக்காவது டப்பா வாங்கி வர வேண்டியிருக்கிறது.

டிரை சூட்டில் ஒரு ஆபத்து உண்டு. உள்ளே இருக்கும் காற்று கால் பக்கம் ஓடிவிட்டால் கால் மேலே, தலை கீழே, வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டே மேலே மிதந்து போக வேண்டியதுதான். உடனே உருண்டு நிமிரப் பழக வேண்டும், அதையும் குளத்தில்தான் பழக்குவார்கள். ஈயக்கட்டி வேறு நிறையக் கட்ட வேண்டும். குளத்தில் டவுசரோடு இறங்க எனக்கு மூன்று கிலோ போதும், டிரை சூட்டோடு தண்ணீர் நிரம்பிய குவாரியில் 13 கிலோ, கடலில் உப்பு தூக்கிவிடும் என்பதால் இன்னும் ரெண்டு மூன்று கூட.

கம்ப்யூட்டர் பிற்பாடு வாங்கலாம், கத்தி வேண்டவே வேண்டாம். தூண்டில் நரம்பில் சிக்கிக்கொண்டால் அறுக்க உள்ளங்கையளவு வெட்டி ஒன்று இருந்தால் போதும். சிலிண்டர் சொந்தமாக வாங்கினால் அதோடு ஒரு கடமையும் சேர்ந்து வரும், ரெண்டரை வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே திறந்து பார்க்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை. முத்திரை காலாவதியாகியிருந்தால் யாரும் காற்று நிரப்பித் தர மாட்டார்கள். எங்கள் கிளப்பில் கம்ப்ரசர் இருக்கிறது, முறைபோட்டு ரெண்டு ரெண்டு பேராக நிரப்புவோம். அந்தச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு டீ குடிப்பதுதான் பாதி கிளப் வாழ்க்கை.

ரெகுலேட்டர்தான் இதில் பெரிய விஷயம். என் தப்பும் அதில்தான்.

ரெண்டாவது குளிர்காலம். ஸ்போர்ட்ஸ் டைவர் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எத்தனை நாள்தான் கிளப்பின் இரவல் ரெகுலேட்டரைக் கடிப்பது என்று, ஆன்லைனில் ஒருவரிடம் பழையது ஒன்று வாங்கினேன். பளபளவென்று இருந்தது, விலையும் பாதி. குளத்தில் ஒரு தடவை போட்டேன், வெண்ணெய் மாதிரி காற்று வந்தது. யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் இந்தப் பெரிசுகள் ஏதாவது குறை சொல்லும் என்று ஒரு நினைப்பு.

பிப்ரவரி ஞாயிறு, ஸ்டோனி கோவ். இது லெஸ்டர்ஷையரில் ஸ்டோனி ஸ்டான்டன் என்ற ஊரில் இருக்கும் பழைய கிரானைட் குவாரி. தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. உள்ளே படிப்படியாக ஆழம், ஆறேழு மீட்டரில் ஒரு தட்டு, இருபது சொச்சத்தில் இன்னொன்று, அதற்கும் கீழே முப்பத்தைந்து வரை போகும். ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைக் கப்பலை 2000-இல் டைவர்களுக்காகவே உள்ளே மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு அதுதான் கடல். அன்றைக்குக் கரையில் உறைபனி. தாமதமாகிவிட்டது என்று சொல்லி, மச்சான் என் பின்பக்கம் வருவதற்குள் நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

20 மீட்டரில், கப்பலின் முன்பக்கம். நான் கொஞ்சம் வேகமாகக் கீழே போய்க்கொண்டிருந்தேன், அதனால் சூட்டுக்குள் காற்றுவிடும் பொத்தானை நீளமாக அழுத்தினேன், அதே நேரத்தில் ஆழமாக ஒரு மூச்சும் இழுத்தேன். அவ்வளவுதான். வாய்க்குள் பிரஷர் குக்கர் விசில் போட்ட மாதிரி காற்று பீறிட்டது. நிற்கவே இல்லை. முகத்தைச் சுற்றி வெள்ளைக் குமிழி, ஒன்றும் தெரியவில்லை. அழுத்தமானியை இழுத்துப் பார்த்தேன், சிலிண்டரில் மிச்சம் 120 பார். இன்னொரு தடவை பார்க்கிறேன், 80. முள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது, கடிகாரத்தின் வினாடி முள் மாதிரி.

நடந்தது இதுதான். சிலிண்டரில் இருக்கும் காற்று 200 பார் அழுத்தத்திலிருந்து ஒரே தாவலில் 10 பாருக்குப் பக்கம் இறங்குவது ரெகுலேட்டரின் முதல் பாகத்தில். அப்படி விரியும் காற்று பயங்கரமாகக் குளிர்ந்துவிடும். சுற்றியுள்ள தண்ணீரும் ஐந்து டிகிரி என்றால் உள்ளே பனிக்கட்டி பிடித்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். காற்று அதிகமாக ஓட ஓட இன்னும் குளிரும், இன்னும் இறுகும்.

எனக்கு மேலே பாய வேண்டும் போலத்தான் இருந்தது. அதற்குள் மச்சானின் கை என் தோள்பட்டையில் இருந்தது. மறுகையில் மஞ்சள் நிறத்தில் அவருடைய உபரி ரெகுலேட்டர், என் வாய்க்கு நேராக. என்னுடையதைத் துப்பிவிட்டு அதைக் கடித்தேன். ஊதினேன், இழுத்தேன், காற்று வந்தது. அவர் என் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு என் சிலிண்டரை மூடினார், திடீரென்று அப்படி ஒரு அமைதி. பிறகு என் கண்ணுக்கு நேராக விரலால் வட்டம் காட்டிக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் அசையாமல் அப்படியே காத்திருந்தார், நான் கையால் காட்டும்வரை. அப்புறம்தான் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஆறு மீட்டர் வரை நிமிஷத்துக்கு 15 மீட்டர் வேகம், அங்கிருந்து மேலே வர ஒரு முழு நிமிஷம். புத்தகத்தில் படித்தபடியே, கொஞ்சமும் கூட்டாமல் அவர் ஏற்றினார். மேலே வந்ததும் மிதவைச் சட்டையின் பொத்தானை அழுத்துகிறேன், காற்று வரவில்லை. சிலிண்டர்தான் மூடியிருக்கிறதே. குழாயை வாயில் வைத்து ஊதித்தான் சட்டையை நிரப்பினேன். குளத்தில் இதைப் பத்து தடவை செய்ய வைத்தபோது, இந்தக் காலத்தில் வாயால் பலூன் ஊதுகிற மாதிரி என்ன பயிற்சி என்று முனகியவன் நான்.

கரையில் உட்கார்ந்து அவர் என் ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முதல் பாகத்தில் எறும்பளவு எழுத்தில் பொறித்திருந்ததைக் காட்டினார். 10 டிகிரிக்கு மேல் என்று இருந்தது. ஐரோப்பியத் தர விதிப்படி, குளிர் தண்ணீர்ச் சோதனையில் தேறாத ரெகுலேட்டருக்கு அந்த அடையாளம் போட்டாக வேண்டும். தூத்துக்குடிக் கடலுக்குக் கனகச்சிதமான சாமான், இங்கே பிப்ரவரியில் ஆகாது. விற்றவர்மேல் சொல்ல ஒன்றுமில்லை, அது அங்கேயே எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், "இதை எனக்கு ஏன் காட்டவில்லை?" என்று ஒரே ஒரு கேள்விதான். அதற்குத் திட்டியே இருக்கலாம். நடந்ததை எழுதி அனுப்பினோம், பிசாக் இந்த மாதிரிச் சம்பவங்களை ஆள் பெயர் இல்லாமல் தொகுத்து ஒவ்வொரு வருஷமும் வெளியிடுகிறது. அந்தத் தொகுப்பை உட்கார்ந்து படித்தால் பாதிப் பேர் என்னைப் போலத்தான், புதுச் சாமான், அவசரம், வெட்கம்.

அன்றைக்குக் கைநடுக்கம் அடங்கியது ஃபிளாஸ்க்கில் கொண்டுபோயிருந்த மிளகு ரசத்தால்தான். மற்றவர்கள் பன்றி இறைச்சி வைத்த பன் தின்பார்கள், நான் ரசம். முதலில் எல்லாரும் முகம் சுளித்தார்கள், இப்போது குளிர்கால டைவ் என்றால் நான் ரெண்டு லிட்டர் ஃபிளாஸ்க் எடுத்துப் போகிறேன், எனக்கு ஒரு கப் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

டைவ் இல்லாத செவ்வாய்களில் ஆக்டோபுஷ் விளையாடுவோம். குளத்தின் தரையில் ஈயக் குண்டு ஒன்றைக் குட்டைக் கோலால் தள்ளும் ஹாக்கி. குளிர்காலத்தில் டைவர்கள் சும்மா இருக்கக் கூடாது என்று 1954-இல் சவுத்சீ கிளப்பில் கண்டுபிடித்தார்களாம். சிலிண்டர் கிடையாது, மூச்சடக்கித்தான். கபடியில் பாட்டை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி. கால்முட்டி இன்னும் வலிக்கிறது.

கோடையில் பிளிமத் போனோம். வைட்சாண்ட் விரிகுடாவில் ஜேம்ஸ் ஈகன் லேன் என்ற சரக்குக் கப்பல் கிடக்கிறது, 1945 மார்ச்சில் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கியது. எனக்கு அது முதல் கடல் டைவ், இரவல் ரெகுலேட்டரோடுதான். குவாரியின் பச்சைத் தண்ணீரையே பார்த்துப் பழகியவனுக்கு, கப்பலின் விலா எலும்புகளுக்கு நடுவே மீன் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்ததும் மூச்சு விடுவதே மறந்துவிட்டது. டைவிங்கில் அதுதான் செய்யக் கூடாத முதல் காரியம். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொன்னேன், கடலில் குளித்தேன் என்று. "சங்கு கெடச்சுதா?" என்றாள்.

தம்பியின் கூடையில் இருந்த ரெகுலேட்டரின் விவரத்தை நேற்று தேடிப் பார்த்தேன். அதே 10 டிகிரி. உடனே கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் எல்லாவற்றையும் ரத்து பண்ணிவிட்டதாகவும் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு லெஸ்டருக்கே வருவதாகவும் சொன்னான். கத்தி மட்டும் ஏற்கனவே வந்து சேர்ந்துவிட்டதாம்.